15 செ.மீ.க்குக் கீழே இருந்த காசு

அந்தக் காசை என் மெட்டல் டிடெக்டர் கண்டுபிடிக்கவில்லை, மண்வெட்டிதான் கண்டுபிடித்தது. மூன்று பருவமாக நான் நடந்து தேடிய நிலம் அது. உரிமையாளர் எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தார். மழைநீர் வடிய ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்டியபோது, வெட்டிய பக்கச்சுவரில் பச்சையாக ஒரு வட்டம் தெரிகிறது என்று என்னைக் கூப்பிட்டார். தேய்ந்த செப்புக்காசு. டேப்பை வைத்து அளந்தேன்: மேல்மண்ணிலிருந்து 21 செ.மீ. அந்த வரிசையில் நான் இரண்டு முறை காயிலை (தரைமேல் வீசும் டிடெக்டரின் தட்டையான தலை) ஓட்டியிருக்கிறேன் என்று என் நோட்டிலேயே எழுதியிருந்தது.

நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். அந்த நிலத்தில் எடுத்த 31 காசுகளில் 15 செ.மீ.க்குக் கீழே கிடைத்தது ஒன்றே ஒன்று. அதுவரை அதற்குக் கீழே பெரிதாகக் காசு இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். இருந்திருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. அதிலிருந்து ஐந்து மாதம் என்ன செய்தேன், எதில் சறுக்கினேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

கருவி: ஒற்றை அலைவரிசையில் ஓடும் நடுத்தர ரக வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அலைவரிசை) டிடெக்டர். காயில் 28 செ.மீ. டபுள்-டி, அதாவது உள்ளே இரண்டு D வடிவக் கம்பிச்சுருள்கள் உள்ளது. மண் செம்மண் கலந்தது. கயிற்றில் கட்டிய காந்தத்தை அதன்மேல் இழுத்தால் கரும்பொடி தாடி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். இதை முதல் நாளே செய்து பார்த்திருந்தால் பாதிப் புதிர் அன்றே அவிழ்ந்திருக்கும்.

முதலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, 7-லிருந்து 10-க்கு ஏற்றினேன். கருவி ஒவ்வொரு வீச்சிலும் கீச்சிட்டது. அதில் எது காசு, எது மண் என்று பிரிக்க முடியவில்லை. இரண்டு நாளில் 17 குழி தோண்டினேன். 9 துருப்பிடித்த ஆணி, 3 இரும்புச்சத்து ஏறிய கல், மிச்சம் 5 குழியில் ஒன்றுமே இல்லை. சத்தத்தைக் கூட்டினால் ஆழம் கூடும் என்பது என் தவறான கணக்கு. காசு ஆழம் போகப் போக, திரும்பி வரும் சமிக்ஞை பயங்கரமான வேகத்தில் தேய்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் சமிக்ஞை கிட்டத்தட்ட 64-இல் ஒரு பங்காகிவிடும். அதனால் கருவியின் உணர்திறனை இரண்டு மடங்காக்கினாலும் ஆழம் எட்டில் ஒரு பங்கு கூடினால் பெரிது. மேலே ஏற்றிப் பிடிப்பதற்கு அதிகம் இல்லை. இருக்கிற ஆழம் எங்கெங்கே கசிந்து வீணாகிறது என்றுதான் தேட வேண்டும். இந்த ஒரு விஷயம் புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது, அதற்குள் பணமும் போனது.

பணம் போனது பெரிய காயிலில். 38 செ.மீ. காயில், டிடெக்டர் விலையில் மூன்றில் ஒரு பங்கு. மேசையில் வைத்துக் காற்றில் காசைக் காட்டிப் பார்த்தபோது, பழைய காயில் 31 செ.மீ.யில் பிடித்ததை இது 36-இல் பிடித்தது. சந்தோஷமாக நிலத்துக்குப் போனேன். ஒரு மணி நேரத்தில் தோள் இற்றுப்போனது, கருவி முன்பைவிட அதிகமாக முனகியது. பெரிய காயில் காசை மட்டும் பெரிதாகப் பார்ப்பதில்லை, மண்ணையும் பெரிதாகப் பார்க்கிறது. அதன் அடியில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஆணி விழும், நடுவில் காசு இருந்தால் அது மூழ்கிவிடும். ஒரு வாரம் பார்த்துவிட்டு அட்டைப்பெட்டியில் திருப்பி வைத்தேன்.

அப்போதுதான் அளந்து பார்க்க ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது. காற்றில் 31 செ.மீ. என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. காற்றுக்குக் காந்தத்தன்மை கிடையாது, என் மண்ணுக்கு உண்டு. காசைக் குழி தோண்டிப் புதைத்துப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தோண்டி மூடிய மண் தளர்ந்து கிடக்கும், கருவி அதை வேறு மாதிரி படிக்கும். ஒவ்வோர் ஆழத்துக்கும் ஒரு குழி என்று போனால் நிலம் முழுக்கக் குழிதான்.

நான் செய்தது சாய்வுக் குழாய். 45 பாகையில் ஒரு பி.வி.சி. குழாயை மண்ணுக்குள் இறக்கி, அதற்குள் மரக்கம்பின் நுனியில் காசை வைத்துத் தள்ளுவது. காசுக்கு நேர் மேலே உள்ள மண் கலையாமல் இருக்கும், எந்த ஆழத்தில் வேண்டுமானாலும் காசை நிறுத்தலாம். நிலத்தின் ஒரு மூலையில் 2 மீட்டர் சதுரத்தை, கருவியை ஆல்-மெட்டலில் (எல்லா உலோகத்துக்கும் ஒலிக்கும் அமைப்பு) வைத்துத் துழாவி, இருந்த ஆணி, கம்பித்துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கையால் திருகும் மண் துளைப்பானை 45 பாகையில் நிறுத்த, ஒரு மரக்கட்டையைச் சாய்வாக அறுத்து வழிகாட்டியாக வைத்தேன். 50 மி.மீ. குழாய், நீளம் 50 செ.மீ. அப்படியானால் அடிமுனை சுமார் 35 செ.மீ. ஆழத்தில் இருக்கும். மண் நன்றாகப் படிய இரண்டு மழை காத்திருந்தேன்.

கம்பில் குறி போடும்போது நினைவில் வைக்க வேண்டியது: குழாய் சாய்ந்திருப்பதால் கம்பின் நீளம் ஆழமாகாது. 10 செ.மீ. ஆழத்துக்குக் கம்பில் 14.1, 15-க்கு 21.2, 20-க்கு 28.3, 25-க்கு 35.4. அதே மாதிரி, 20 செ.மீ. ஆழத்தில் உள்ள காசு குழாய் வாயிலிருந்து 20 செ.மீ. தள்ளி நிற்கும். ஒவ்வோர் ஆழத்துக்கும் நேர் மேலே ஒரு மர முளை அடித்து எண் எழுதினேன். கம்பின் நுனியையும் 45 பாகையில் சீவினேன், இல்லாவிட்டால் காசு மண்ணுக்குள் சரிந்து நிற்கும். படுத்த காசு ஒரு மாதிரி ஒலிக்கும், செங்குத்தாக நிற்கும் காசு வேறு மாதிரி ஒலிக்கும். கம்பு சுழலாமல் பார்க்க அதன் முதுகில் நேர்கோடு ஒன்று.

இங்கே ஒரு பெரிய தப்பு செய்தேன். காசு நழுவாமல் இருக்க, கம்பின் நுனியில் சின்ன மரத்துண்டு ஒன்றைத் திருகாணி வைத்து முடுக்கியிருந்தேன். இரண்டு நாள் அளவுகள் அற்புதமாக வந்தன. மூன்றாம் நாள் காசை வைக்க மறந்து கம்பை மட்டும் தள்ளினேன், கருவி அப்போதும் ஒலித்தது. இரண்டு நாளாக நான் அளந்தது காசும் இரும்பும் சேர்ந்த ஒலியை. அந்தப் பக்கங்களை அடித்துவிட்டு, திருகாணியைப் பிடுங்கி, பசையும் மர ஆப்பும் வைத்து ஒட்டினேன்.

இன்னொன்றும் தெரிந்தது. காசு இருக்கிறது என்று தெரிந்தால் காது தானாகவே ஒலியை உண்டாக்கிக்கொள்கிறது. அதனால் நண்பரைக் கூட்டிவந்தேன். நான் திரும்பி நின்றுகொள்வேன், அவர் சில முறை காசோடும் சில முறை வெறுங்கம்பாகவும் தள்ளுவார். கருவி வாங்கியபோது இருந்த அமைப்பிலேயே 17 செ.மீ.யில் 20 முறை பார்த்ததில், வெறும் குழாய்க்கு 6 தடவை "இருக்கு" என்றிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தேன்: 10 வீச்சில் 8-இலாவது இரண்டு திசையிலும் ஒரே ஒலி வந்தால்தான் அந்த ஆழம் கணக்கில் சேரும். அந்த விதிப்படி 25 மி.மீ. செப்புக்காசுக்கு 15 செ.மீ., 17 மி.மீ. மெல்லிய வெள்ளிக்காசுக்கு 12 செ.மீ. இதுதான் தொடக்கப்புள்ளி. என் நோட்டு சொன்ன அதே 15.

முதல் கசிவு காயில் மூடிக்குள் இருந்தது. கீறல் விழாமல் இருக்கப் போடும் அந்த பிளாஸ்டிக் மூடியை வாங்கிய நாளிலிருந்து கழற்றியதே இல்லை. கழற்றினால் உள்ளே விளிம்பு முழுக்கக் காய்ந்த சேறு, அதில் பாதி காந்தத்தில் ஒட்டும் கரும்பொடி. காயிலோடு கூடவே ஒரு கைப்பிடி இரும்பு மண்ணைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறேன். கழுவிக் காயவைத்துப் போட்டேன். அடுத்தது வயர். காயிலுக்கு அருகே தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்தது, தரையில் தட்டும்போதெல்லாம் ஒரு பொய்ச்சத்தம். தண்டோடு இறுக்கிச் சுற்றி, ஒட்டுப்பட்டையால் மூன்று இடத்தில் கட்டினேன். காயில் மேலும் கீழும் அசைய மட்டும் கொஞ்சம் தளர்வு விட்டேன். கருவி அமைதியானது, சென்சிட்டிவிட்டி 8-ஐத் தாங்கியது. குழாயில் 16 செ.மீ.

மின் இரைச்சலையும் மண் இரைச்சலையும் பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. காயிலைக் காற்றில் அசையாமல் பிடிக்க வேண்டும். அப்போதும் கீச்சிட்டால் மின் இரைச்சல். அசையாதபோது அமைதியாகவும் மண்மேல் ஓட்டும்போது மட்டும் சத்தமாகவும் இருந்தால் மண். எனக்கு இரண்டும் இருந்தது. மின் இரைச்சலில் ஒரு பங்கு என் சட்டைப்பையில் இருந்த செல்பேசி, அதை வண்டியிலேயே வைத்தேன். மிச்சத்துக்கு, கருவியின் அலைவரிசையைச் சற்று நகர்த்தும் அமைப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்து, மிக அமைதியான படியில் நிறுத்தினேன். பேட்டரியையும் சந்தேகப்பட்டுப் புதிது போட்டுப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை.

மண் இரைச்சலுக்கு கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் சமிக்ஞையைக் கருவி கழித்துவிடும்படி சரிசெய்வது. இதை நான் செய்துகொண்டுதான் இருந்தேன், ஆனால் வண்டியிலிருந்து இறங்கிய இடத்திலேயே. அந்த இடத்தில் அடியில் ஆணி இருக்கலாம், மண் வேறாகவும் இருக்கலாம். இப்போது முதலில் ஆல்-மெட்டலில் ஓட்டி, எந்த ஒலியும் இல்லாத ஓர் அடி இடத்தைத் தேடுகிறேன். அங்கே காயிலைத் தரையை ஒட்டிய உயரத்திலிருந்து முழங்கால் வரை மெதுவாக ஏற்றி இறக்கி, ஏறும்போதும் இறங்கும்போதும் ரீங்காரம் ஒரே மாதிரி ஆகும் வரை கையால் திருப்புகிறேன். தானியங்கி அமைப்பு சொன்ன எண்ணுக்கும் கையால் வந்த எண்ணுக்கும் என் மண்ணில் நல்ல இடைவெளி இருந்தது. மண் நிறம் மாறினாலோ ஈரம் மாறினாலோ மறுபடி செய்கிறேன், அரை நாளில் நான்கைந்து முறையாவது. இந்த ஒன்று மட்டும் 16-ஐ 18 ஆக்கியது.

அடுத்தது மனம் வலித்த கண்டுபிடிப்பு. ஆணித் தொல்லை தாங்காமல் டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகத்தை வடிகட்டும் அமைப்பு) ஏற்றி, திரையில் இரும்பைக் காட்டும் எண்களையெல்லாம் ஊமையாக்கி வைத்திருந்தேன். 19 செ.மீ.யில் செப்புக்காசை நிறுத்தி, டிஸ்கிரிமினேஷனைப் பூஜ்யமாக்கி, திரையைப் பார்த்தேன். மேலே இருந்தால் தெளிவாகச் செம்பு என்று காட்டும் எண், அந்த ஆழத்தில் குதித்துக் குதித்து, பத்தில் ஐந்து தடவை இரும்புப் பக்கம் விழுந்தது. ஆழத்தில் காசின் சமிக்ஞையைவிட மண்ணின் சமிக்ஞை பெரியது, அது எண்ணைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. அதாவது இத்தனை பருவமாக ஆழத்துக் காசுகள் ஒலிக்க முயன்றபோதெல்லாம் அதை இரும்பு என்று வாயடைத்தது நான் போட்டு வைத்த வடிகட்டிதான்.

அதிலிருந்து திரையை விட்டுவிட்டுக் காதை நம்ப ஆரம்பித்தேன். காது முழுக்க மூடும் வயர் ஹெட்போன் வாங்கினேன். மொத்தச் செலவில் மிகச் சிறியது இதுதான், மிக அதிகம் கொடுத்ததும் இதுதான். பின்னணி ரீங்காரத்தை, கொசு தூரத்தில் பறப்பது போல, கேட்டும் கேட்காததுமாக வைத்தேன். ஆழத்துக் காசு "டிங்" என்று அடிக்காது. அந்த ரீங்காரம் ஓரிடத்தில் லேசாகத் தடித்து, வழுவழுப்பாக அடங்கும். இரண்டு பக்கமிருந்தும் அப்படியே வரும். 90 பாகை சுற்றி நின்று வீசினாலும் வரும். ஆணி பெரும்பாலும் ஒரு திசையில் இனிமையாகவும் மறு திசையில் உடைந்தும் ஒலிக்கும். காயிலை 5 செ.மீ. தூக்கிப் பார்ப்பதும் உதவும்: மேலாகக் கிடக்கும் பொருளின் ஒலி அப்போதும் நிற்கும், ஆழத்து ஒலி மறைந்துவிடும். நண்பரை வைத்து மறுபடி சோதித்தேன், 20 செ.மீ. விதிக்குள் வந்தது.

ரெக்கவரி ஸ்பீடை (ஓர் ஒலி முடிந்து அடுத்ததற்குக் கருவி தயாராகும் வேகம்) குறைத்தது இன்னும் ஒரு செ.மீ. கொடுத்தது. ஆணி குறைவான பகுதியில் மட்டும்தான் அது நல்லது. ஆணி நிறைந்த மூலையில் குறைத்தபோது பக்கத்துப் பக்கத்து ஒலிகள் ஒட்டிக்கொண்டன, அங்கே பழையபடி வேகமாகவே வைத்தேன்.

குழாய்ப் படுகையில் தெரியாத கசிவு ஒன்று நிலத்தில் இருந்தது. அங்கே நான் கவனமாகக் காயிலைத் தரையை ஒட்டி ஓட்டுகிறேன். நிலத்தில் எப்படி ஓட்டுகிறேன்? நண்பரைப் பக்கவாட்டில் உட்கார்ந்து வீடியோ எடுக்கச் சொன்னேன். நடுவில் காயில் தரையிலிருந்து 2 செ.மீ., இரண்டு ஓரத்திலும் ஊஞ்சல் மாதிரி 8 செ.மீ.க்கு மேலே. போதாததற்கு, அறுத்த பயிர்த்தாளின் அடிக்கட்டைகள் இருந்த இடங்களில் அவை காயிலை 3 செ.மீ. தூக்கியே வைத்திருந்தன. கருவியில் ஒவ்வொரு செ.மீ.யாகச் சேர்த்துக்கொண்டிருந்த நான், கையால் 6 செ.மீ.யைக் கொட்டிக்கொண்டிருந்தேன். வீச்சை ஒன்றரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டராகக் குறைத்தேன். தண்டை ஒரு துளை குட்டையாக்கினேன். தாளை மிதித்து அழுத்திவிட்டு நடந்தேன். வேகத்தையும் குறைத்தேன்: ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரு வினாடி ஆனது இப்போது இரண்டரை வினாடி. இன்னும் மெதுவாகப் போனபோது ஒலி மங்கியது. இந்த வகைக் கருவிக்கு அசைவு வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு வேகம் இருக்கிறது, குழாயில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அடிக்கடி மறக்கும் இன்னொன்று, ஒவ்வோர் அடிக்கும் பாதிக் காயில் அகலமாவது முந்தைய வீச்சின்மேல் ஏற வேண்டும். மேல்மண்ணில் காயில் அகலம் முழுக்கப் பிடிக்கும், ஆழத்தில் பிடிக்கும் பட்டை குறுகிவிடும்.

நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து அளந்தபோது 22 செ.மீ. வந்தது, வெள்ளி 17. இதில் ஈரத்தின் பங்கு எவ்வளவு, என் காது பழகியதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. காய்ந்த நாளில் செம்பு 21. ஆர்வத்தில் பெரிய காயிலையும் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, அதே முறையில் அமைத்துப் பார்த்தேன். செம்பு 24, வெள்ளி 16. பெரிய காசுக்கு லாபம், சின்ன மெல்லிய காசுக்கு நஷ்டம். முன்பு அதை நான் குறை சொன்னது நியாயமில்லை, அமைக்காத கருவியில் போட்டுவிட்டு அதைப் பழித்திருக்கிறேன்.

பிறகு வாய்க்கால் ஓரம், அந்த 21 செ.மீ. காசு கிடைத்த வரிசை. அரை நாளில் 12 மீட்டர்தான் நகர்ந்தேன். ஆறு இடத்தில் அந்தத் தடித்த முனகல் கேட்டது. ஐந்தில் நான்கு ஆணி, ஒரு கொக்கித் துண்டு. ஆறாவது இரண்டு பக்கமும் வந்தது, சுற்றி நின்றாலும் வந்தது, காயிலைத் தூக்கினால் போனது. திரை இரும்பு என்றே சொன்னது. மூன்று பக்கம் வெட்டி ஒரு பக்கம் விட்டு, புல்லோடு மண்கட்டியைப் புரட்டினேன். 15 செ.மீ. வரை ஒன்றுமில்லை. பின்பாயிண்டரை (குழிக்குள் விடும் கைக்கம்பு போன்ற சின்ன டிடெக்டர்) குழிக்குள் விட்டால் அடியில் மெல்லத் துடித்தது. கையால் அள்ளினேன். 20 செ.மீ.யில், சற்றுச் சாய்ந்து, ஒரு செப்புக்காசு. ஓரம் அரித்திருந்தது, ஒரு பக்கம் உருவம் நிழலாகத் தெரிந்தது. என் கருவி முன்பு இரண்டு முறை கடந்துபோன இடம். குழிக்குப் பக்கத்தில் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காசைத் தேய்க்கவில்லை, ஒருபோதும் தேய்க்க மாட்டேன். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை நாள்தோறும் மாற்றி, மண் தானாக இளகும் வரை விட்டேன். நிலத்துக்காரரிடம் காட்டினேன், இடத்தையும் ஆழத்தையும் குறித்துக் கொடுத்தேன்.

ஆழம் கூடியதும் எனக்கு நானே ஒரு எல்லையும் போட்டுக்கொண்டேன். உழுத மண் கலைந்த மண், அதிலிருந்து ஒரு காசை எடுப்பதால் அதிகம் கெடுவதில்லை. உழவு எட்டாத அடுக்கு அப்படியல்ல, அங்கே காசு எதன் பக்கத்தில், எந்த அடுக்கில் கிடக்கிறது என்பதும் சேர்ந்துதான் வரலாறு. மண்ணின் நிறம் மாறும் கோட்டைத் தொட்டால் நிறுத்துகிறேன். பல காசு ஒன்றாகவோ, பானை ஓட்டோடு சேர்ந்தோ தெரிந்தால், தொடாமல் மூடிவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்ல வேண்டும். பல நாடுகளில் அது சட்டம். பாதுகாக்கப்பட்ட இடங்களில் கருவியைப் பயன்படுத்துவதே பல நாடுகளில் குற்றம்.

மறுபடி தொடங்கினால் காயில் வாங்குமுன் குழாயைப் புதைப்பேன். அந்தப் பணத்தில் ஹெட்போனும், தோளில் பாரம் தாங்கும் பட்டையும் வாங்கியிருப்பேன். கம்பின் நுனியில் பசை மட்டும்தான். ஆணி நிறைந்த மூலைக்கு 15 செ.மீ. அளவில் ஒரு சின்னக் காயிலை யாரிடமாவது இரவல் வாங்கிப் பார்க்க வேண்டும், அங்கே எனக்கு வேண்டியது ஆழமல்ல, இரண்டு ஆணிக்கு நடுவில் நுழைவது. வாய்க்காலுக்கு மறுபக்கம் மண் கறுப்பாக இருக்கிறது, காந்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் ஒட்டவில்லை. போன வாரம் அங்கே இரண்டாவது குழாயை இறக்கினேன். அது படிய இன்னும் ஒரு மழை வேண்டும்.